கடிகாரத்தைப் பார்த்து நிற்கிறவள்

போண்டாவைத் தொடலைன்னா இந்தக் காலேஜ் ஃபிசிக்ஸ் திருமூர்த்தி சாருக்கு மனசு சங்கடப்படும், தொட்டா எனக்கு நெஞ்சு கரிக்கும். வெளிக் காலேஜிலிருந்து பிராக்டிகல் பரீட்சை நடத்த வர்றவளுக்கு இதுதான் தலையெழுத்து. காலையில இட்லி, அப்புறம் காபி, முறுக்கு, சாத்துக்குடி ஜூஸ், மத்தியானம் கல்யாணப் பந்தி மாதிரி ஒரு சாப்பாடு, இப்போ போண்டா. வயித்தை நிறைச்சா கை தாராளமா மார்க் போடும்னு எந்தக் காலத்திலோ எந்த மகராசனோ கண்டுபிடிச்சு வச்சிருக்கான், எங்க காலேஜுக்கு யாராச்சும் வந்தா நாங்களும் இதையேதான் பண்றோம், அப்புறம் எந்த வாயால குத்தம் சொல்ல. சாப்பிடு வசந்தாமணி, ஒண்ணே ஒண்ணு சாப்பிடு, ஈரோட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கும். இந்த ஊர்க் காத்து இந்த வருஷம் முன்னாடியே கிளம்பிடுச்சு போல, ஜன்னல் கதவு படார் படார்னு அடிக்குது, பசங்க கிராஃப் தாளை எல்லாம் முழங்கையால அழுத்திக்கிட்டு எழுதறாங்க. ஆளுக்கொரு மேஜை, ஆளுக்கொரு சோதனை. இருட்டு ரூமுக்குள்ள சோடியம் விளக்கு மஞ்சளா எரியுது. போண்டாத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு திருமூர்த்தி சார் குனிஞ்சு மெதுவாச் சொன்னதுதான் காதுல இன்னும் நிக்குது. "அந்த ஜன்னலோரம், நீலச் சுடிதார் பொண்ணு, ரேணுகாதேவி. அவ மட்டும் அரியருங்க மேடம். மத்த பேப்பர் எல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸ். எம்.எஸ்சி. சீட் கையில இருக்குது, இந்த ஒண்ணு நிக்குது. இதுலயும் போச்சுன்னா பனியன் கம்பெனிதான்னு அவங்கண்ணன் சொல்லிட்டாராம். கொஞ்சம் பாத்துப் போடுங்க." பாத்துப் போடுங்க. இருபத்தெட்டு வருஷமா இந்த வார்த்தையைக் கேக்கறேன், இவங்க எல்லாம் எதைப் பாக்கச் சொல்றாங்கன்னு ஒருத்தரும் சொன்னதில்லை.

எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கறவ ரெண்டாம் வருஷப் பிராக்டிகல்ல எப்படி விழுந்தாள்னு கேட்டேன். பிராக்டிகல்ல யாராச்சும் விழுவாங்களா, வந்து நின்னு பேர் எழுதினாலே கரையேத்தி விட்டுடறோம். அவர் நெத்தியைத் தடவிக்கிட்டார். "போன வருஷமும் இதே கூட்டு ஊசல்தாங்க அவளுக்குச் சீட்டுல வந்துச்சு. வேல்யூ வரல. வரலைன்னா என்ன, ஊர்ல எல்லாரும் பண்றதைப் பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே? திரும்பத் திரும்ப ரீடிங் எடுத்துக்கிட்டே நின்னா, பெல் அடிச்சுருச்சு, விடையும் எழுதல ஒண்ணும் எழுதல, தாளை அப்படியே கொடுத்துட்டுப் போயிட்டா." சரிதான், பிடிவாதக் கழுதைன்னு அப்போ நினைச்சுக்கிட்டேன். இன்னைக்கும் சீட்டு எடுக்கறப்போ மடிப்பைப் பிரிச்சுப் பார்த்துட்டு அவ முகத்துல ஒண்ணு வந்துச்சு, பயமா, சிரிப்பா, பல்லைக் கடிச்சாளா, எனக்குப் பிடிபடல. மறுபடியும் கூட்டு ஊசல். வேற சீட்டு எடுத்துக்கறியாம்மான்னு திருமூர்த்தி சார் கேட்டார், பாவம், விதிக்கு விரோதம்தான், ஆனா கேட்டார். "இல்லீங்க சார், இதுவே இருக்கட்டுங்க"ன்னு போயிட்டா. பெரிய சோதனை ஒண்ணுமில்லை. வரிசையா ஓட்டை போட்ட நீளமான இரும்புப் பட்டை. ஒவ்வொரு ஓட்டையிலயும் மாட்டித் தொங்கவிட்டு, லேசா ஆட்டிவிட்டு, இத்தனை ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்க்கணும், அதிலிருந்து பூமி எவ்வளவு வேகத்துல இழுக்குதுன்னு கணக்குப் போடணும். ஒன்பது புள்ளி எட்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடத் தூக்கத்துல சொல்லும். விடை தெரிஞ்ச சோதனை, தெரிஞ்ச விடைக்குப் போய்ச் சேரணும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான்ல ஒருத்தி ஒரு வருஷமா நின்னுக்கிட்டிருக்கா.

திங்கக்கிழமை. ஐயோ, திங்கக்கிழமை. எங்க பிரின்சிபால் அம்மா என் தலையில கட்டின பேச்சு. "இளங்கலை வகுப்புகளில் மாணவர் ஈடுபாடு", எல்லா டிபார்ட்மென்ட் ஆசிரியர்களுக்கும் நான் பேசணுமாம், வண்ண வண்ணமா வட்டப் படம் எல்லாம் போட்டு. காலேஜுக்குத் தரம் பார்க்கற கமிட்டி வரப்போகுது, நாம ஈடுபாட்டை வளர்த்திருக்கோம்னு காட்டணும். மாணவர் ஈடுபாடு என்பது... மாணவர் ஈடுபாடு என்பதுன்னு மூணு ராத்திரியா அதோடு நிக்குது, அதுக்கு மேல ஒரு வார்த்தை வரல. ஈடுபாடு என்பது என்னடியம்மா? நான் மின்காந்தம் நடத்தறப்போ மூணாவது பெஞ்சுல ஒருத்தி கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கறா, அதுக்கும் ஒரு திறமை வேணும். வருகைப்பதிவு இருந்தா ஈடுபாடா, அப்படின்னா அவளுக்கு நூத்துக்கு நூறு. போன்ல பட்டனை அமுக்கிப் பதில் சொல்ற வினாடி வினா வச்சா ஈடுபாடுங்கறாங்க, அதையும் வச்சுப் பார்த்தேன், ஒருத்தி அமுக்கினதைப் பார்த்து மொத்த வரிசையும் அமுக்குச்சு. என் பெண்ணே இருக்கா, இன்ஜினியரிங், கொரோனா சமயத்துல கேமராவை அணைச்சுப் போட்டுட்டு வகுப்பு நடக்க நடக்க முறுகலா ரெண்டு தோசை சாப்பிட்டா, "என்னடி இது"ன்னா, "அம்மா, நான் ப்ரெசன்ட்ல இருக்கேன்"ங்கறா. சிரிச்சுட்டேன் அப்போ. அப்புறம் ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சா பயம் வருது, என் வகுப்புலயும் அறுபது பேரு இப்படித்தான் ப்ரெசன்ட்ல இருக்காங்களோ, இத்தனை வருஷமா நான் கரும்பலகைகிட்டயே தனியாப் பேசிட்டு இருந்தேனோன்னு. அந்தப் பயம் வந்தா லேசுல போறதில்லை. ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச வருஷம், மாலை போடுவாங்க, "மேடம் நல்லா நடத்துவாங்க"ம்பாங்க, எதை நடத்தினேன்னு கேட்டா ஒருத்திக்கும் ஞாபகம் இருக்காது. சரி, அந்த நினைப்பு வேண்டாம். முழங்கால் வலிக்குது, எழுந்து ஒரு சுத்து நடக்கலாம்.

ரேணுகாதேவி ஜன்னலைச் சாத்திட்டா. பக்கத்துல இருக்கறவன் வேர்க்குதுன்னு முனகறான், அவ காதுல வாங்கல. ஊசல் காத்துல ஆடக் கூடாதுன்னு சாத்தியிருக்கா, ஆஹா, அந்த அளவுக்கு விவரம் இருக்கு. நின்னு பார்க்கறேன், பார்க்காத மாதிரி. பட்டையைக் கையால தள்ளறதில்லை அவ. ஒரு விரலால ஒதுக்கி, அது அசையாம நிக்கற வரைக்கும் காத்திருந்து, விரலை மட்டும் எடுத்துடறா. உடனே ஸ்டாப் வாட்ச்சை அமுக்கல, சில ஆட்டத்தைச் சும்மா விடறா, அது ஒரே சீரா வரட்டும்னு. அப்புறம் முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணைப் பட்டைக்கு நேரா வச்சுக்கிட்டு, அது நடுக்கோட்டைத் தாண்டற நேரத்துல கட்டை விரல் அமுக்குது. பேஷ். இதை எங்க முதல் வருஷப் பிள்ளைகளுக்குத் தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லிக் கொடுத்திருக்கேன், ஓரத்துல போய் நிக்கறப்போ அமுக்காதீங்கடி, நடுவுல வேகமா தாண்டறப்போ அமுக்குங்கடின்னு, ஒருத்தி செஞ்சு நான் பார்த்ததில்லை. இவ செய்யறா. யாரும் பார்க்காதப்பவும் செய்யறா, அதுதான் எனக்குப் புதுசு. இப்படி ஒரு கையை வச்சுக்கிட்டு எப்படிம்மா வேல்யூ வராம போகும்? அவ தோளுக்கு மேல எட்டி, தாள்ல ஓரத்துல பென்சில்ல போட்டிருக்கற கணக்கைப் பார்த்தேன். பத்து புள்ளி அஞ்சு. போச்சுடா. பத்தரைக்குப் பூமி இழுத்தா நாம எல்லாம் நடக்கறப்போ மூச்சு வாங்குமே. அவளும் அதையேதான் பார்த்துக்கிட்டு நிக்கறா, உதட்டைக் கடிச்சுக்கிட்டு. அழிச்சுட்டு மறுபடியும் பட்டையை மாட்டப் போறா. வேண்டாம்டி, போன வருஷம் பண்ணின அதே வேலை, நேரம் போயிடும், கணக்கைப் போடுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பரீட்சையில நான் சொல்லக் கூடாது. திரும்பி வந்து நாற்காலியில உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தா என்னவோ நிலையே கொள்ளல. காலையில வந்த பேட்ச்ல இதே ஊசல்ல இதே மேஜையில ஒரு பையன் செஞ்சான். தலையைப் படிய வாரி, விபூதி வச்சுக்கிட்டு, சீக்கிரமே முடிச்சுட்டுத் தாளை நீட்டினான், ஒன்பது புள்ளி ஏழு ஒன்பது, மணிமணியா. நான் தாளை வாங்கினதும் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்புவேன், எல்லாரும் அப்படித்தான், கீழே விடை சரியா இருந்தா மேல இருக்கற ரீடிங்கை எவ பார்க்கறா. முழு மார்க். எப்படிச் செய்யறாங்கன்னு எனக்குத் தெரியாமலா இருக்கு? ரிவர்ஸ் போடுறதும்பாங்க. ஒன்பது எட்டை வச்சுக்கிட்டுப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு, ஒவ்வொரு ஓட்டைக்கும் என்ன நேரம் வந்திருக்கணுமோ அதை எழுதிட்டு, ரொம்பச் சரியா இருந்தா சந்தேகம் வரும்னு அங்கங்க ஒரு புள்ளியைக் கூட்டிக் குறைச்சு... அந்தக் கூட்டிக் குறைக்கறதுக்கு மூளை வேணும், அதுக்கே மார்க் போடலாம்னு நாங்க ஸ்டாஃப் ரூம்ல சிரிப்போம். பட்டை பாட்டுக்குத் தொங்கிக்கிட்டிருக்கும், பையன் எழுதிக்கிட்டிருப்பான். அவனைச் சொல்லி என்ன, அவனுக்கு மார்க் வேணும், எங்களுக்கு ரிசல்ட் பர்சன்டேஜ் வேணும், ஊரோடு ஒத்து வாழ்ங்கறது ரெண்டு பக்கத்துக்கும் பொருத்தமாத்தான் இருக்கு. இவளுக்கு மட்டும் ஏன் முடியல? பத்தரையை ஒன்பது எட்டுன்னு ஆக்கிட்டா என்ன குறைஞ்சு போகும், சீட் கிடைக்கும், அண்ணன் வாய் அடங்கும், நானும் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்து போட்டிருப்பேன். ஆக்க மாட்டேங்கறாளே. எனக்குக் கோபமா வருது, அதே மூச்சுல கும்பிடணும் போலவும் இருக்கு, இது என்ன கூத்துன்னு தெரியல.

இப்போ அவ பட்டையை விட்டுட்டா. சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே போய் நின்னு அண்ணாந்து பார்த்துக்கிட்டிருக்கா. உதடு மட்டும் அசையுது. சாமி கும்பிடறாளா? பாவம், மாரியம்மாவைக் கூப்பிட்டு என்ன ஆகும், கணக்கைப் போடு பொண்ணே. நேரம் போகுதேன்னு பதறுறாளா, பதறுறவ இப்படிச் சிலையாட்டம் நிக்க மாட்டா. சித்த நேரம் கழிச்சு வந்து என்னவோ எழுதினா, மறுபடியும் போய் நின்னா. மறுபடியும். எனக்கு அந்தப் பழைய சந்தேகம் மூக்கை நீட்டுது, சுவர்ல ஏதாச்சும் எழுதி வச்சிருக்காளா, கடிகாரத்துக்குப் பின்னாடி பிட்டு கிட்டு செருகியிருக்கா, எல்லா வகையும் பார்த்தாச்சு நான், ரப்பருக்குள்ள துண்டுத் தாளை மடிச்சு வச்சவளைக்கூடப் பிடிச்சிருக்கேன். எட்டிப் பார்த்தா சுவர் சுத்தமா இருக்கு, பல்லிதான் ஒண்ணு. அப்புறம் பக்கத்து மேஜைக்குப் போறா, அங்க ஒரு பையன் முறுக்குக் கம்பி ஊசல் செஞ்சுக்கிட்டிருக்கான், அவன்கிட்ட என்னவோ கேக்கறா, அவன் தலையாட்டறான், அவனோட வாட்ச்சை வாங்கறா. "என்ன பேச்சு அங்க?"ன்னு கத்திட்டேன். என் குரல் எனக்கே அதிகமாப் பட்டுச்சு, லேப் முழுக்கத் திரும்பிப் பார்க்குது. "ஒண்ணுமில்லீங்க மேடம், வாட்ச் மட்டும் ஒரு நிமிஷம் வேணுங்க." "உன் வாட்ச்சுக்கு என்ன?" "ஓடுதுங்க மேடம்." "ஓடினா அதுலயே பண்ணு. அடுத்தவங்க நேரத்தைக் கெடுக்காதே." "ஒரே ஒரு நிமிஷங்க மேடம்"ன்னா. குரல்ல நடுக்கம் இருக்கு, ஆனா வாட்ச்சைக் கீழே வைக்கல. அந்தப் பையனே, "நான் கிராஃப்தாங்க மேடம் போடறேன், எனக்கு இப்போ வேண்டாமுங்க"ன்னான். நான் ஒண்ணும் சொல்லல. சொல்லாததை அவ சரின்னு எடுத்துக்கிட்டு, ரெண்டு கையிலயும் ரெண்டு வாட்ச்சை வச்சுக்கிட்டு மறுபடியும் போய்ச் சுவரைப் பார்த்து நின்னா. திருமூர்த்தி சார் என் பக்கம் வந்து, "போச்சுங்க மேடம், போன வருஷ மாதிரியே ஆகப் போகுது"ன்னார். அவர் முகம் வாடிப் போச்சு. நல்ல மனுஷன். எனக்கும் பார்த்துக்கிட்டு உட்கார முடியல, யார் பெத்த பிள்ளையோ, எனக்கு என்ன வந்துச்சு.

அரை மணிதான் இருக்குன்னு பெல் அடிச்சாச்சு. ஒவ்வொருத்தராத் தாளைத் தூக்கிக்கிட்டு வர்றாங்க, நான் கேள்வி கேக்கணும். பிழைகள் எத்தனை வகைப்படும்னு ஒருத்தன்கிட்ட கேட்டேன், "முறையான பிழை, தற்செயல் பிழைங்க மேடம்", மனப்பாடம், ஓடற தண்ணி மாதிரி வருது. வித்தியாசம் என்னப்பா? புத்தகத்து வரியை அப்படியே ஒப்பிச்சான், ரெண்டு மார்க் கேள்வி, சரி. அவன் போனதும் அடுத்தவ, ஒன்பது எட்டு மாதிரியே அவளுக்கும் ஒரு தெரிஞ்ச விடை, சரி. என் பேனா பாட்டுக்கு ஓடுது. கண்ணு ஜன்னலோரம் போகுது. எழுதறா, எழுதறா, இப்போதான் எழுதறா. காத்து இன்னும் கதவை அடிக்குது. மாணவர் ஈடுபாடு என்பது, மாணவர் ஈடுபாடு என்பது, சீ, இந்த நேரத்துல அது வேற. முடிச்சுடும்மா, எதையாச்சும் போட்டு முடிச்சுடு. கடைசி ஆளா எழுந்து வந்தா. நெத்தியெல்லாம் வேர்வை, சுண்டு விரல்ல பென்சில் கரி. தாளை நீட்டினா. பழக்க தோஷம், கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பத்து புள்ளி அஞ்சு. அடக் கடவுளே. அதுக்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே, "இந்த ஸ்டாப் வாட்ச் ஒரு நிமிடத்துக்கு இரண்டு விநாடி பின்தங்குகிறது. திருத்திய மதிப்பு 9.8."

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அதுதான் முதல்ல மனசுல வந்துச்சு, மறைக்கறதுக்கு என்ன இருக்கு. "விடை வரலைன்னதும் வாட்ச் மேல பழியைப் போட்டுட்டியா?"ன்னு கேட்டேன், கொஞ்சம் காரமாவே. "இல்லீங்க மேடம்." "பின்ன எப்படித் தெரியும்?" அவ கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னா. அப்புறம் மெல்ல ஆரம்பிச்சா, தரையைப் பார்த்து. "போன வருஷமும் பத்தரைதாங்க மேடம் வந்துச்சு. எத்தனை தடவை எடுத்தாலும் பத்தரை. இன்னைக்கும் அதே பத்தரைங்க. என் கை தப்பா அமுக்குச்சுன்னா ஒரு தடவை கூடணும், ஒரு தடவை குறையணும், இல்லீங்களா? ஒரு வருஷம் கழிச்சு வந்து எடுத்தாலும் அதே பக்கம் அதே அளவு தப்பு வருதுன்னா அது கை பண்ற தப்பா இருக்காதுன்னு தோணுச்சுங்க. அதான் சுவர்க் கடிகாரத்தோட வச்சுப் பார்த்தேன். சுவர்க் கடிகாரமே தப்பா இருந்தா என்ன பண்றதுன்னு அந்தத் தம்பி வாட்ச்சையும் வாங்கினேன். அதும் சுவரும் ஒண்ணாப் போகுதுங்க மேடம். இது மட்டுந்தான் பின்னாடி நிக்குது." இதுதாண்டி அது. ஒரே பக்கமா வந்தா முறையான பிழை, அப்படியும் இப்படியுமா வந்தா தற்செயல் பிழை. இருபத்தெட்டு வருஷமா முதல் பாடம், முதல் வாரம், நானே கரும்பலகையில எழுதிப்போட்டு, வரையறை எழுதிக்கோங்கடின்னு சொல்லி, ரெண்டு மார்க்குக்குக் கேட்டு, சரி போட்டு... அந்த வரையறையை இவ ஒப்பிக்கல. அது என்னன்னுகூட இவ சொல்லல. ஒரு இரும்புப் பட்டைகிட்டயும் ஒரு ஓட்டை வாட்ச்கிட்டயும் மல்லுக்கு நின்னு, சொந்தமா அங்க போய்ச் சேர்ந்திருக்கா. உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு எனக்கு. பொய்யில்லை.

"எடுத்துட்டு வா அந்த வாட்ச்சை"ன்னேன். நான்தான் அமுக்கணும், யார் சொல்லியும் நம்பக் கூடாது, அதானே இவ எனக்கு இப்போ காட்டினது. சாவி கொடுக்கற பழைய வாட்ச், உள்ளங்கையில கனமா, குளிர்ச்சியா. கடைசியா நான் எப்போ ஒரு வாட்ச்சைக் கையில பிடிச்சேன்? சுவர்க் கடிகார விநாடி முள்ளு பன்னிரண்டைத் தொடறப்போ அமுக்கினேன். ஒரு நிமிஷம். கிராஃப் தாளை மடிச்சுக்கிட்டிருந்தவங்ககூட நிறுத்திட்டாங்க. திருமூர்த்தி சார் என் தோளுக்குப் பின்னால நிக்கறார், அவர் மூச்சு கேக்குது. ஒரு நிமிஷம் இவ்வளவு நீளமா? இதே வாட்ச்லதானே காலையில அந்தப் பையன் ஒன்பது ஏழு ஒன்பது. முழு மார்க் போட்டது இந்தக் கை. இதே வாட்ச்லதானே வருஷம் பூரா எத்தனையோ பிள்ளைங்க, எல்லாருக்கும் ஒன்பது எட்டு, ஒரு ஆளுக்குக்கூடப் பத்தரை வரல, வாட்ச் கெட்டதே ஒருத்தருக்கும் தெரியல, ஏன்னா ஒருத்தரும் வாட்ச்சைப் பார்க்கல. கூடம் நிஜமாவே கோணல்டா சாமி, நாங்க எல்லாம் கோணலுக்குத் தகுந்தபடி வளைஞ்சு ஆடிக்கிட்டிருந்திருக்கோம். ஒருவேளை வாட்ச் முள்ளு சரியா அறுபதுல வந்து நின்னுடுச்சுன்னா? இந்தப் பொண்ணு என்ன ஆவா? நிக்கக் கூடாது, தாயே, இந்த வாட்ச் தப்பாவே இருக்கட்டும், பரீட்சை நடத்த வந்தவ வாட்ச் தப்பா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு நிக்கறேன், வெளியில சொன்னா சிரிப்பாங்க. ரேணுகா சுவரைப் பார்க்கல, வாட்ச்சைப் பார்க்கல, என் கட்டை விரலையே பார்த்துக்கிட்டிருக்கா. சுவர் முள்ளு மேல ஏறுது, ஏறுது, பன்னிரண்டு. அமுக்கினேன். ஐம்பத்தெட்டு.

வாட்ச்சைத் திருமூர்த்தி சார்கிட்ட நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துட்டு, யாருக்கோ சொல்ற மாதிரி, "வாங்கின நாள்ல இருந்து நாங்க ஒருத்தரும் சரி பாக்கலீங்க மேடம்"னார். அப்புறம் குரலை இறக்கி, "காலை பேட்ச் மார்க் எல்லாம்..."னு இழுத்தார். அதை அவரும் நானும் அப்புறம் பேசணும், பேசித்தான் ஆகணும், ரெண்டு பேரும்தானே கையெழுத்து போட்டோம். நான் அந்தப் பொண்ணு தாளைத் திரும்ப முதல் பக்கத்திலிருந்து பார்க்கறேன், ஒவ்வொரு ரீடிங்கா, எதையும் அழிச்சு எழுதல, தப்பா வந்ததும் தப்பா வந்தபடியே இருக்கு. எல்லாத்துக்கும் சரி போட்டு, கீழே முழு மார்க்கை எழுதி, அவ பக்கம் திருப்பிக் காட்டினேன், காட்டக் கூடாதுதான். அடி ராஜாத்தி, பாருன்னு. அவ பார்த்தா. சிரிப்பா, குதிப்பான்னு நான் நினைச்சதெல்லாம் ஒண்ணும் நடக்கல. "போன வருஷமே தோணலையாம்மா உனக்கு, வாட்ச்சா இருக்கும்னு?"ன்னு கேட்டேன், கேக்கணும்னு இல்ல, வாய்ல வந்துச்சு. "இல்லீங்க மேடம். மத்தவங்களுக்கெல்லாம் அதே வாட்ச்ல சரியா வருது. எனக்கு மட்டும் வரலைன்னா நான்தானுங்களே. கை நடுங்குதுன்னு நினைச்சேன். ஆஸ்பத்திரிக்குக்கூடப் போனேங்க மேடம். ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொன்னாங்க, நான் நம்பல. வீட்டுல தினம் ராத்திரி டம்ளர்ல தண்ணியை நிறைய ஊத்திப் பிடிச்சுக்கிட்டுப் பாப்பேன், சிந்துதான்னு." சொல்லிட்டு ரெண்டு கையையும் மேஜை மேல, என் முன்னால நீட்டி வச்சா, பென்சில் கரியோட. "இப்போ என் கை சரிதானுங்களா மேடம்?" மார்க்கைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல அவ. லேப்ல இருக்கற அத்தனை பேரும் கேட்டுக்கிட்டிருக்காங்க, திருமூர்த்தி சார் கேட்டுக்கிட்டிருக்கார், கேக்கட்டும்னு கொஞ்சம் சத்தமாவே சொன்னேன். "உன் கை மட்டுந்தான் கண்ணு சரி."